இதை யாரு திருப்பிக் குடுக்குறது

என் பெண் கடைசியாக எழுதியது பதினோரு வரி. அதில் ரெண்டு வரி தப்பு. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலும் நீங்கள் இதைக் கேட்கக் கூடாது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவதும் அப்படித்தான், ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகும். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது நம்பர்களும் என் பெண்ணின் பேரும் மட்டும். அந்தப் பேரையும் வாசிக்க வராது, பார்த்தால் தெரியும். முதலில் ஒரு கம்பு நிற்கும், நடுவில் ரெண்டு வட்டம் வரும், கடைசி எழுத்துக்கு வால் கீழே இறங்கும். அவள் ஆபீஸ் அட்டையிலும் சரி, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் சரி, எத்தனை எழுத்துக்கு நடுவில் கிடந்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவேன்.

படிக்காதவள் என்று யாரும் என்னைக் கீழே பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை. அவள் அப்பா போனபோது அவளுக்கு ஆறு வயசு. அந்த வருஷமே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டூல் ஸ்டோருக்குப் போனேன். பெருக்கத்தான் கூப்பிட்டார்கள். மூணாவது மாசம் ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. அப்புறம் இருபத்தாறு வருஷம் அது இறங்கவில்லை.

ஸ்டோருக்கு ஒரே ஒரு ஜன்னல். உள்ளே சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாமான் தொங்கும். ஆள் வந்து ஸ்பேனர் கேட்டால், அவன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை வாங்கி, ஸ்பேனர் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு ஸ்பேனரைக் கொடுப்பேன். அவன் திருப்பிக் கொண்டுவந்தால் ஸ்பேனரை மாட்டிவிட்டு டோக்கனைக் கொடுப்பேன். எழுதத் தெரிய வேண்டாம். பலகையைப் பார்த்தால் போதும், எது யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்த இன்ஜினியர்கூட டோக்கன் இல்லாமல் என் ஜன்னலில் ஒரு திருகாணி வாங்கியது கிடையாது.

அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வேலை நல்லபடியாக முடிந்த நாளில் எதுவும் காணாமல் போகாது. ஆள் கையைத் துடைத்துக்கொண்டு, சாமானை எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வந்துவிடுவான். வேலை பாதியில் நின்ற நாளில்தான் போகும். கரண்டு போய்விடும், மிஷின் பெல்ட்டு அறுந்துவிடும், ஒருத்தனுக்கு விரல் நசுங்கி எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சாமான் அங்கேயே கிடக்கும். டோக்கன் ஆணியில் தொங்கும். அதனால் எந்த மிஷின் நின்றாலும் நான் ஜன்னலைச் சாத்திவிட்டு நேரே அங்கே போய்விடுவேன். ஆளுக்கு என்ன ஆச்சு என்று பார்க்காமல் சாமானைத் தேடுகிறாளே, கல்நெஞ்சுக்காரி என்று சொல்வார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன்.

இனி என் பெண்ணின் வேலைக்கு வருகிறேன்.

அவளுக்கு அம்பத்தூரிலேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கொரோனா வந்த வருஷத்திலிருந்து திருமுல்லைவாயில் வீட்டிலேயே உட்கார்ந்து செய்தாள். அது வாரத்துக்கு அஞ்சு நாள். சனி ஞாயிறில் வேறொரு வேலை செய்வாள். அதற்குக் கூலி கிடையாது. எனக்கு அது பொறுக்கவில்லை.

"கூலி இல்லாம எவன் ஊட்டு வேலடி இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லார் ஊட்டு வேலையும்தான்மா" என்றாள். "உன் போனுக்குள்ள, ஆஸ்பத்திரி மிஷினுக்குள்ள, ரயில்வே கவுண்டர்ல, எல்லாத்துலயும் அடியில ஒரே ப்ரோக்ராம் கீது. உலகத்துல இருக்கறவங்க சேர்ந்து எழுதறது. அதுல ஓட்டை இருந்தா யார் பாக்குறாங்களோ அவங்க அடைக்கணும்."

"இன்னா ஓட்டை?"

என் பலகையை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட லீவில் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து ஆணிகளை எண்ணிய பெண்தான் அவள்.

"கெர்னல்னு ஒண்ணு கீது. அதான் உன் ஸ்டோர்னு வெச்சுக்கோ. கரண்டு, இடம், எல்லாம் அதுகிட்டதான் இருக்கும். டிரைவர்னு ஒருத்தன் வருவான். கேமராவுக்கு ஒரு டிரைவர், சூடு பாக்குற சிப்புக்கு ஒரு டிரைவர். அவன் வேலைய ஆரம்பிக்கும்போது ஸ்டோர்ல வந்து ஒவ்வொண்ணா வாங்குவான். மொதல்ல இடம், அப்புறம் கரண்டு, அப்புறம் இன்னொண்ணு. வேலை முடிஞ்சா எல்லாத்தையும் குடுத்துட்டுப் போவான். ஆனா மூணாவது கேக்கும்போது இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு வெச்சுக்கோ. அவன் வேலை அங்கயே நின்னுடுது. அப்படியே எழுந்து போயிடறான். மொதல்ல வாங்குன ரெண்டும்?"

"கெடக்கும்" என்றேன்.

"கெடக்கும். யாருக்கும் தெரியாது. இப்படியே சேர்ந்து சேர்ந்து ஒருநாள் ஸ்டோர்ல ஒண்ணும் இருக்காது. மிஷினே நின்னுடும்."

"வேலை முடிச்சவன் குடுத்துடுவான்டி. வேலை கெட்டவன் எங்க குடுக்கப் போறான்?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இதுக்குத்தான்மா நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன். மொதல்லயே உன்னைக் கேட்டிருக்கலாம்."

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டுப் படுத்து எழுந்து, நாலு மணிக்கு டீ போடுவேன். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்து கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவாள். அந்த வாரம் எந்த டிரைவரைப் பிடித்தாளோ அவன் கதையைத் தமிழில் சொல்லுவாள். முதலில் இதை வாங்குகிறான், அடுத்து இதை வாங்குகிறான், இங்கே வேலை கெட்டுப் போகிறது, இப்போது நான் இந்த வரியைப் போட்டிருக்கிறேன். அவள் சொல்லும் ஒவ்வொரு சாமானுக்கும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். "இதை யாரு திருப்பிக் குடுக்குறது?"

எனக்கு அதற்கு மேல் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு அவள் மூணு தடவை பதில் சொல்ல முடியாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறாள். ஒரு தடவை டீயைக்கூட எடுக்கவில்லை.

"சும்மா கேளுமான்னா போலீஸ் மாதிரி கேக்குற" என்பாள்.

"போலீஸ் எல்லாத்தையும் கேப்பான். நான் ஒண்ணுதான கேக்குறேன்."

என்னிடம் சொல்லி முடித்த பிறகுதான் அனுப்புவாள். மெயிலில் போகும். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் பார்த்து, சரி என்றால் சேர்த்துக்கொள்வார்கள். எழுதியவர் பேர் மேலே இருக்கும். பார்த்துச் சரி சொன்னவர்கள் பேர் கீழே வரிசையாக இருக்கும். அது எந்தக் காலத்திலும் அழியாது என்றாள். "உன் பேரையும் கீழ போடணும், நியாயமா பாத்தா" என்று கிண்டல் செய்வாள். "போடி, எனக்கு இன்னா தெரியும்" என்பேன். உள்ளுக்குள் எனக்கு அது எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவளுக்குக் கேஜ் கதையைச் சொன்னேன். பட்டறையில் அளவு பார்க்கிற கேஜுக்கு மட்டும் தனி வழக்கம். டோக்கன் கொடுத்து வாங்கலாம், ஆனால் யாரும் திருப்பித் தர வேண்டாம். ஷிப்டு முடிகிறபோது சூப்பர்வைசரே தன் லிஸ்டோடு ஒரு சுற்று வந்து, ஓவர்டைம்காரர்கள் கையில் இருப்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லா கேஜையும் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிடுவார். புதுசாகச் சேர்ந்த ஒருத்தன், பாவம், நல்லவன். அவன் மிஷின் பாதியில் நின்றுபோனதும் ஸ்பேனரோடு கேஜையும் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டான். நானும் ஏதோ நினைப்பில் வாங்கி மாட்டிவிட்டேன். அடுத்து வந்தவனுக்கு அதையே கொடுத்தும்விட்டேன். ஷிப்டு மணி அடித்தது. சூப்பர்வைசர் லிஸ்டில் அந்த நம்பர் இன்னும் புதுசாகச் சேர்ந்தவன் பேரில் இருக்கிறதே, தேடிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஓவர்டைமில் நின்ற அந்த இன்னொருத்தன், இதோ வருகிறேன் என்று தண்ணீர் குடிக்கப் போய் வருவதற்குள் கேஜ் இல்லை. பக்கத்தில் கிடந்த வேறு கேஜை வைத்து அளந்து, ஒரு டிரே சாமானும் குப்பைக்குப் போனது. திருப்பிக் கொடுக்காமல் போனதால் நடந்த நஷ்டம் எனக்குத் தெரியும். திருப்பிக் கொடுத்ததால் நடந்த நஷ்டம் அது ஒன்றுதான்.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "எங்க வேலைலயும் இது அப்படியே கீதுமா. தானா திரும்பிப் போற சாமானை நாம வேற கைல எடுத்துத் திருப்பிக் குடுத்துட்டோம்னா, ரெண்டாவது தடவை போய் அது வேற யாரோடதையோ புடுங்கும். லீக்கை விட இது மோசம். இதுல மட்டும் நான் மாட்டினேன்னா செருப்பால அடி."

இதை அவள்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியாதது இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். நாற்பத்தொரு வயசு. நாங்கள் பார்த்தபோதே அது பக்கத்து இடத்துக்கெல்லாம் போய்விட்டிருந்தது. அந்த ஏழு மாசத்தை நான் எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அப்போது புரியவில்லை, வீட்டை ஒழுங்கு செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். கடைசியாக வாங்கிய ஸ்கூட்டர்தான் முதலில் போனது, சர்ச்சில் பாட்டு சொல்லித் தருகிற டீச்சருக்கு. அப்புறம் ஆபீஸ் லேப்டாப், கழுத்தில் மாட்டுகிற அட்டை. அப்புறம் பக்கத்து வீட்டு மிக்ஸி ஜாடி. கடைசியில், காலேஜில் ஒரு தோழியிடம் கட்டிக்கொள்ள வாங்கி இருபது வருஷமாக எங்கள் பெட்டியில் கிடந்த ஒரு சேலை. ஆவடியில் அவள் வீட்டைக் கண்டுபிடித்து அனுப்பிவைத்தாள்.

"இன்னாடி இது, தலைகீழா செய்யற?" என்று கேட்டேன்.

"கடைசியா வாங்குனதை மொதல்ல குடுக்கணும்மா. அப்பதான் ஒண்ணோட ஒண்ணு சிக்காது."

தன் சொந்த லேப்டாப்பை மட்டும் வைத்துக்கொண்டாள். சனி ஞாயிறு வேலையை விடவில்லை. முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல்கட்டுக்கு வருவாள். தரையில் உட்கார முடியாது, பிளாஸ்டிக் சேர் போட்டுக் கொடுப்பேன்.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை மருந்து ஏற்றிவிட்டு வந்திருந்தோம். ரெண்டு நாளாக அவள் வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள்.

"மா, ஒண்ணு சொல்றேன் கேளு. சின்னதுதான். பதினோரு வரி."

"மொதல்ல கஞ்சி குடி."

"சொல்லிட்டுக் குடிக்கிறேன்மா. பத்து நிமிஷம்."

"இன்னாத்துக்குடி இப்ப இது? ஒழுகுனா ஒழுகிட்டுப் போவுது. உலகத்துல வேற ஆளே இல்லையா, நீதான் அடைக்கணுமா?"

சொல்லிக்கொண்டே நான் கையை நீட்டி லேப்டாப்பை மூடினேன். அவள் விரல் அதன் மேல் இருந்தது. மெதுவாகத்தான் மூடினேன், ஆனால் மூடினேன்.

அவள் கோபப்படவில்லை. "சரிம்மா" என்றாள். நாலு ஸ்பூன் கஞ்சி குடித்தாள். எனக்கு அன்றைக்கு அந்த நாலு ஸ்பூன்தான் பெரிசாகத் தெரிந்தது. பிறகு நான் தண்ணீர் கேன்காரரிடம் காலிக் கேனைக் கொடுத்துவிட்டு, மெடிக்கல் ஷாப்புக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தபோது கட்டிலில் லேப்டாப் பக்கத்தில் கிடக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாளே என்று சந்தோஷப்பட்டேன். நான் வெளியே போயிருந்தபோது அவள் அதை அனுப்பியிருந்தாள். யாரிடமும் சொல்லிப் பார்க்காமல் அவள் அனுப்பியது அது ஒன்றுதான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த அடுத்த வாரம் அவளோடு வேலை பார்த்த பெண் வீட்டுக்கு வந்தாள். சொந்த ஊர் கோயமுத்தூர்ப் பக்கம், இங்கே பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் பிளாட்டில் இருக்கிறாள். அவளும் இந்தக் கூலியில்லாத வேலையைச் செய்கிறவள். அடக்கத்தன்று கல்லறையில் மண் போட்டுவிட்டுப் போனவள், இப்போது வந்து ரொம்ப நேரம் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணுங்க. அவ கடைசியா அனுப்புன பேட்ச் அப்படியே நிக்குது."

பேட்ச் என்றால் அவர்கள் அனுப்புகிற திருத்தம். சூடு பார்க்கிற ஒரு சிப்பின் டிரைவராம். அதைப் பார்க்கிற அதிகாரி எந்த நாட்டுக்காரரோ, பதில் எழுதியிருக்கிறார். ஓட்டையைக் கண்டுபிடித்தது சரி, நன்றி. ஆனால் ரெண்டு வரி தப்பு, எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்பவும். அது வந்தபோது என் பெண்ணுக்கு நினைவு இல்லை. மூணு வாரம் கழித்து அவர் மறுபடியும் எழுதியிருக்கிறார், நேரம் கிடைக்கும்போது அனுப்புங்கள் போதும் என்று.

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. யாரும் சொல்லலை."

முகம் தெரியாத ஒரு மனுஷன் என் பெண்ணுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது என்னை என்னவோ செய்தது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அவளுக்குத் தப்பு வராது. அந்த ஆளுக்குத்தான் புரிஞ்சிருக்காது."

அவள் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "நான் சரி பண்ணி அனுப்பறேனுங்க" என்றாள். "அவ பேரு மேலயே இருக்கும். அவதான் எழுதினவ. ஆனா நடுவுல அடைப்புக்குறி போட்டு, இந்த ரெண்டு வரியை நான் எடுத்தேன், இன்ன காரணத்துக்காகன்னு என் பேரோட எழுதணும். அதுதான் எங்க வழக்கம்."

"அது எவ்வளவு நாள் இருக்கும்?"

"எப்பவுமே இருக்குங்க."

என் பெண்ணின் பேருக்குக் கீழே, அவள் செய்த தப்பு, எப்போதும். கல்லறைக் கல்லில் யாராவது அப்படி எழுதுவார்களா.

"சும்மா எடுத்துட்டு அனுப்பு. அடைப்புக்குறியும் வேணாம் ஒண்ணும் வேணாம். செத்தவ தப்பை ஊருக்குப் படிச்சுக் காட்டணுமா?"

"வழக்கம் அப்படிங்கம்மா..." என்று இழுத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க. உங்களுக்குக் கஷ்டம்னா, எழுதாம அனுப்பறேன்."

அவள் எனக்காக விட்டுக்கொடுத்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலில் நின்று, அம்மா இந்த ஒரு தடவை டோக்கன் இல்லாமல் கொடு என்று கெஞ்சுகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

எழுந்து டீ போட்டேன். நாலு மணிகூட ஆகவில்லை. டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "அந்தப் பதினோரு வரியை எனக்குச் சொல்லு. தமிழ்ல. அவன் இன்னா வாங்குறான், எங்க வேலை கெடுது, எல்லாம்."

அவள் திகைத்தாள். ஆனாலும் லேப்டாப்பைத் திறந்து சொன்னாள். "மொதல்ல டிரைவர் தனக்கு ஒரு இடம் வாங்கறானுங்க. அடுத்தது சிப்புக்குக் கரண்டு போடறான். மூணாவதா, சூடு ஏறினா எழுப்புங்கன்னு ஒரு மணி கேக்கறான். மணி கிடைக்கலை. அப்படியே திரும்பிப் போயிடறான். கரண்டு எரிஞ்சுட்டே இருக்குது. இதைத்தான் இவ கண்டுபிடிச்சா. ஏழெட்டு வருஷமா யாரும் பாக்காதது."

"கரண்டை யாரு திருப்பிக் குடுக்குறது?"

"இவதாங்க. இங்க ஒரு வரி போட்டு அணைச்சிருக்கா. அது சரி."

"இடத்தை யாரு திருப்பிக் குடுக்குறது?"

"அதுக்கும் இவ ரெண்டு வரி போட்டிருக்கா. ஆனா இந்த டிரைவர்ல அந்த இடத்தை யாரும் குடுக்க வேண்டாங்க. அது வாங்கும்போதே அப்படி வாங்குனது. வேலை கெட்டா கெர்னலே வந்து தானா எடுத்துக்கும்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சூப்பர்வைசர் எடுத்துக்கினு வர்றது" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "என்னங்கம்மா?"

அன்றைக்கு அடுப்பங்கரையில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், என் பெண் அந்த ரெண்டாவது சாமானில் நின்றிருப்பாள். நாக்கைக் கடித்திருப்பாள். மருந்து அவள் தலையை எவ்வளவு கலக்கியிருந்தாலும் "அய்யோ, கேஜுமா இது" என்று சொல்லியிருப்பாள். ரெண்டு வரியையும் அழித்துவிட்டு, நாலு ஸ்பூன் கஞ்சி என்ன, அரை டம்ளர்கூடக் குடித்திருப்பாள். அவள் அதைத்தான் கேட்க வந்தாள். எனக்குக் கதை சொல்வதற்காக அவள் வரவில்லை, என் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வந்தாள். தன் தலை இப்போது தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாளே.

வெளியே ஒரு மின்சார ரயில் போனது, பிறகு இன்னொன்று. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், சிலிண்டருக்குப் பக்கத்தில்.

"எழுதிடும்மா" என்றேன்.

"எதைங்க?"

"எது அவ எழுதுனது, எது நீ எடுத்ததுன்னு. அடைப்புக்குறி போட்டு எழுது. ஒருத்தன் எடுத்த சாமானுக்கு இன்னொருத்தன் டோக்கனை நான் மாட்டுனதில்ல. எம் பொண்ணுக்காகவும் மாட்ட மாட்டேன்."

"உங்களுக்கு வருத்தம் இல்லைங்களா?"

"வருத்தம் வேற."

அவள் எழுத ஆரம்பித்தபோது இன்னொன்றும் சொன்னேன். "அந்த ஆளுக்குச் சொல்லிடு. அவ வரமாட்டான்னு. இன்னும் பாத்துகினு இருக்கப் போறாரு."

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமைதான், திரும்ப வந்தாள். சேர்த்துக்கொண்டுவிட்டார்களாம். அந்த மனுஷனின் பதிலை எனக்குத் தமிழில் சொன்னாள். ரெண்டே வரி. உங்கள் தோழி எழுதிய திருத்தங்கள் எங்களிடம் முப்பதுக்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றும் கவனமாக எழுதியது, வருந்துகிறேன் என்று. கவனமாக என்றா எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பிறகு லேப்டாப்பை என் மடியில் வைத்துக் காட்டினாள். எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ். அவள் விரலால் காட்டும் முன்னாலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன். மேலே, தனியாக. கம்பு, ரெண்டு வட்டம், வால். அதற்குக் கீழே பத்திப் பத்தியாக என்னவோ. நடுவில் அடைப்புக்குறி. அதற்குள்ளே ஒரு வரிதான். நான் பயந்த அளவுக்கு அது பெரிசாக இல்லை. ஆனால் இருந்தது. கீழே மறுபடியும் அவள் பேர், அதற்கும் கீழே இந்தப் பெண்ணின் பேர்.

"அம்மா, அவ சொல்லியிருக்கா எங்கிட்ட. ஞாயித்துக்கிழமை கதையெல்லாம்" என்றாள் அவள். "அடுத்தது நான் எழுதறப்போ உங்ககிட்டதான் சொல்லிப் பாக்கணும்னு இருக்குதுங்க. பாத்தவங்க வரிசையில உங்க பேரைப் போடறேன். இதுலயே போட்டிருக்கணும், நான் கேக்காம விட்டுட்டேன்."

"இதுல வேணாம்" என்றேன். "இதை நான் பாக்கல. அன்னிக்குக் கேக்காம மூடிட்டேன்."

"அடுத்ததுலங்க?"

என் வாயில் சரி என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு, கிளம்பலாம் என்று லேப்டாப்பை மூடக் கை வைத்தாள். என் கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொண்டது.

"இருக்கட்டும்மா" என்றேன். "கொஞ்ச நேரம் தொறந்தே இருக்கட்டும்."